ஆறாம் மாதத்தில் நின்றுபோகும் எடை

உடம்பைக் குறைக்க முனைந்தவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி. காபியில் சர்க்கரை கிடையாது. காலையில் முக்கால் மணி நேரம் நடை. முதல் பத்து நாளிலேயே இரண்டு கிலோ இறங்கிவிடுகிறது. அடுத்த நான்கைந்து மாதங்களில் இன்னும் ஐந்து கிலோ. சட்டை தொளதொளக்கிறது, பார்ப்பவர்கள் "என்ன, இளைச்சுட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அதன் பிறகு எடை மெஷினில் எண் நகர மறுக்கிறது. அதே சப்பாத்தி, அதே நடை, அதே வாய்க்கட்டு. ஆனாலும் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எடை அப்படியே நிற்கிறது.

இதை எடைத் தேக்கம் என்று சொல்லலாம். டயட்டைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். "வாயைக் கட்டத் தெரியலை" என்று வீட்டில் சொல்கிறார்கள். "எனக்கு மெட்டபாலிசமே சரியில்லை" என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இரண்டுமே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுமே உண்மையைத் தொடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கடந்த எண்பது ஆண்டுகளில் பலர் பொறுமையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவீடுகளைத் தெரிந்துகொண்டவர் தன்னை இவ்வளவு கடுமையாகத் திட்டிக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ உடல் எடையைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பார்கள். (உணவுப் பேச்சில் கலோரி என்பதெல்லாம் இயற்பியலின் கிலோ கலோரிதான்.) நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500. அதாவது வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்க வேண்டும். நியூயார்க் மருத்துவர் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி 1958-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து இந்தக் கணக்கு பரவியது. அரை நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் டயட் அட்டவணைகள் இதை வைத்தே போடப்பட்டன, இன்றும் போடப்படுகின்றன.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 80 கிலோ உள்ள ஒருவர் ஓராண்டில் 23 கிலோவுக்கு மேல் இழப்பார். மூன்றரை ஆண்டில் ஆளே இல்லாமல் போய்விடுவார். அப்படி யாரும் மறைவதில்லை என்பதால் கணக்கில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது. உடம்பு எவ்வளவு சிறுத்தாலும் அதன் அன்றாடச் செலவு முதல் நாள் இருந்த அளவிலேயே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பிழை அங்கேதான்.

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, அடியில் ஒரு குழாய் திறந்தே இருக்கிறது. தொட்டி நிறைய இருந்தால் அடிக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும். மட்டம் தாழ்ந்தால் அழுத்தம் குறைந்து மெல்ல ஒழுகும். இப்போது மேலே விழும் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கிறோம். மட்டம் இறங்கத் தொடங்குகிறது. ஆனால் இறங்க இறங்க, வெளியே போகும் தண்ணீரும் குறைகிறது. ஓரிடத்தில் வரவும் செலவும் மறுபடி சமமாகிவிடும். மட்டம் அங்கே நின்றுவிடும். அந்த வரத்துக்கு அந்த மட்டம்தான்.

உடம்பும் இப்படித்தான். சும்மா படுத்திருக்கும்போதுகூட இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஆற்றலைச் செலவழித்தபடியே இருக்கின்றன. இந்த அடிப்படை வளர்சிதை மாற்றம்தான் பெரும்பாலோரின் அன்றாடச் செலவில் பாதிக்கு மேல். சாப்பிட்டதைச் செரிக்கச் சுமார் பத்தில் ஒரு பங்கு போகிறது. மீதி நடக்கவும் நிற்கவும் வேலை செய்யவும். எடை குறைந்தால் மூன்றுமே குறைகின்றன. பராமரிக்க வேண்டிய திசு குறைவு, செரிக்க வேண்டிய சாப்பாடு குறைவு, படியேறும்போது தூக்கிச் செல்ல வேண்டிய பாரமும் குறைவு. 80 கிலோவாக இருந்தபோது பற்றாக்குறையாக இருந்த சாப்பாடு, 70 கிலோ உடம்புக்குப் போதுமான சாப்பாடாகிவிடலாம்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால் அடிப்படையில் இயற்பியல் படித்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2011-இல் லான்செட் இதழில் இந்தத் தொட்டிக் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் தந்த எளிய விதி: பருமனாக உள்ள ஒருவர் தன் அன்றாட உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால், கடைசியில் ஒரு கிலோ குறைவார். 240 கலோரி குறைத்தால் பத்து கிலோ. அதில் பாதி இறங்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். கிட்டத்தட்ட முழுவதும் இறங்க மூன்றாண்டு. பழைய கணக்கு ஓராண்டிலேயே பதினோரு கிலோ தரும் என்று ஆசை காட்டுகிறது. ஐந்து கிலோவில் இருப்பவர், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும், தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறார். ஒரு தப்பான கணக்கு எத்தனை பேரின் மனத்தை உடைத்திருக்கும்!

ஆனால் புதிர் தீரவில்லை, ஒன்று இரண்டாகிவிட்டது. சரியான கணக்குப்படி பார்த்தால் எடை இரண்டு மூன்று ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். நடைமுறையில் ஆறு மாதம், எட்டு மாதத்திலேயே நின்றுவிடுகிறது. எந்த டயட்டாக இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். வேறு எதுவோ தலையிடுகிறது.

பலரும் முதலில் சந்தேகப்படுவது மெட்டபாலிசத்தை. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்ற எண்ணத்துக்கு வலுவான சான்று கிடைத்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடினார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரில் கொல்வதற்குப் பதிலாக இப்படியாவது உதவுகிறோம் என்று தாமாக முன்வந்தார்கள். கால்பந்து அரங்கத்தின் அடியில் இருந்த அறைகளில் தங்கினார்கள். 24 வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரிதான் உணவு: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழந்தார்கள். அடிப்படை வளர்சிதை மாற்றமோ சுமார் 40 சதவீதம் விழுந்தது. எடை கால்பங்கு குறைந்தால் செலவும் ஏறக்குறைய அதே அளவுதானே குறைய வேண்டும்? அதற்கும் கீழே போயிருந்தது. நாடித் துடிப்பு மெதுவாகியது. கோடைக் காலத்திலும் குளிர்ந்தது. நடக்க, பேச, சிரிக்கக்கூட மனமில்லாமல் கிடந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை வாங்கி வாசித்தவர்கள் உண்டு. பட்டினிக் கட்டம் முடிந்து உணவு கிடைக்கத் தொடங்கிய பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டபாலிசம் பற்றிய பேச்சில் அது நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

மினசோட்டா இளைஞர்கள் குண்டானவர்கள் இல்லை. பருமனானவர்களுக்கும் இதே நிலைதானா என்பதை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் லீபலும் மைக்கேல் ரோசன்பாமும் சோதித்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கி, அளந்து கொடுத்த திரவ உணவை மட்டும் குடித்தார்கள். 1995-இல் முடிவு வெளிவந்தது. எடை பத்து சதவீதம் குறைந்த உடம்பு, அந்தப் புது அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் சுமார் 15 சதவீதம் வரை குறைவாக ஆற்றலைச் செலவிட்டது. பருமனானவர், மெலிந்தவர் என்ற பேதமில்லை. வேண்டுமென்றே எடையைப் பத்து சதவீதம் கூட்டியபோது நேர்மாறாக நடந்தது: செலவு எகிறியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் பழைய இடத்துக்கு இழுக்கிறது உடம்பு. எடை இழந்தவரின் தசை அதே வேலையை முன்னைவிடச் சிக்கனமாகச் செய்கிறது என்பதையும் பின்னர் இதே குழு கண்டது. எதிர்பார்ப்பதற்கும் கீழான இந்தச் சிக்கனத்துக்குத் தகவமைப்பு வெப்பாக்கம் என்று பெயர். தொட்டியின் அடிக் குழாயை யாரோ இறுக்கிவிட்டது போல.

2016-இல் ஹால் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு உலகத்தையே கலங்கடித்தது. போட்டி போட்டுக்கொண்டு எடை குறைக்கும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகள் கழித்து அளந்தார்கள். சராசரியாக 58 கிலோ இழந்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனாலும் ஓய்வு நிலைச் செலவு, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. "டயட் இருந்தால் மெட்டபாலிசம் கெட்டுப்போகும்" என்ற பயம் அதற்குப் பின்தான் பலமாக வேரூன்றியது.

அந்தப் பயம் தேவையற்றது என்பது என் கருத்து. முப்பது வாரத்தில் 58 கிலோ என்பது எவரும் செய்யாத, செய்யக்கூடாத ஒன்று. அன்றாடம் மணிக்கணக்கில் கடும் உடற்பயிற்சியும் சேர்ந்த அசாதாரண நிலை அது. ஆறேழு கிலோ குறைத்த சாதாரண மனிதரிடம் இந்தக் கூடுதல் சிக்கனம் நாளுக்குச் சில பத்து கலோரி முதல் ஓரிரு நூறு கலோரி வரைதான் தெரிகிறது. சின்ன எண் இல்லை. ஆனால் மூன்றாண்டில் வர வேண்டிய தேக்கத்தை ஆறு மாதத்துக்கு இழுத்து வர அது போதாது.

அப்படியானால் தப்பு வாயில்தானா? இதற்குப் பதில் சொல்ல, வீட்டில் இயல்பாக வாழும் ஒருவர் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்பதை அளக்க வேண்டும். அறைக்குள் பூட்டி வைத்தால் அது இயல்பு வாழ்க்கை ஆகாது. மினசோட்டாவின் இன்னொரு விஞ்ஞானி நேதன் லிஃப்சன் 1950-களில் எலிகளிடம் செய்து காட்டிய வழி மிக அழகானது. தண்ணீர் மூலக்கூறில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. இரண்டுக்கும் பதிலாக அவற்றின் கனமான வடிவங்களைப் போட்டுத் தயாரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். இவை கதிரியக்கம் இல்லாதவை, தீங்கில்லாதவை. கன ஹைட்ரஜன் வியர்வை, சிறுநீர் என்று தண்ணீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். பத்துப் பதினைந்து நாள் சிறுநீரைச் சோதித்தால், கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் எவ்வளவு வேகமாகக் காணாமல் போகின்றன என்று தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பு வெளியிட்ட கரியமில வாயு. அதிலிருந்து எரிந்த கலோரியைக் கணக்கிடலாம். இரட்டை அடையாள நீர் என்று இதைச் சொல்லலாம். கன ஆக்சிஜன் விலை மிக அதிகம் என்பதால் மனிதர்களுக்கு இது வர 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் எடை குறையவே இல்லை என்று சொன்னவர்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் எதிர்பார்த்தபடியே இருந்தது. ஆனால் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தைக் குறிப்பில் சேர்க்கவில்லை. உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, பொய் சொல்கிறார்கள்" என்று முடிவு கட்டுவது எளிது. அது நியாயமில்லை. உணவு ஆய்வு எதை எடுத்தாலும், எல்லா வகை மனிதர்களும் தங்கள் சாப்பாட்டைக் குறைத்தே சொல்கிறார்கள். நம் வீட்டுச் சமையலில் இது இன்னும் சுலபமாக நேர்கிறது. தாளிப்பில் கூடுதலாக விழும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. பேச்சுவாக்கில் வாயில் போட்ட ஒரு கைப்பிடி வேர்க்கடலை 170. குழந்தை மிச்சம் வைத்த தயிர்ச்சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டால் இன்னொரு நூறு. இவை எதுவும் சாப்பாடு என்ற பெயரில் மனத்தில் பதிவதே இல்லை. மூன்றும் சேர்ந்தால் 300 கலோரிக்கு மேல். ஹால் கணக்கில் அது பன்னிரண்டு கிலோ!

கேள்வி இதுதான்: முதல் மாதத்தில் இவற்றையெல்லாம் தவிர்த்தவர் ஆறாம் மாதத்தில் ஏன் தவிர்ப்பதில்லை? அலட்சியமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் எனக்குத் தெரிந்த ஆய்வுகளிலேயே மிக நேர்த்தியான ஒன்று. அது ஒரு சர்க்கரை நோய் மருந்து வழியாக வந்தது.

கானாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சிறுநீரகத்தில் வேலை செய்து, சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. நாளுக்கு ஏறத்தாழ 90 கிராம் சர்க்கரை, அதாவது 360 கலோரி, இப்படிப் போய்விடும். மாத்திரை எடுத்தவருக்கு இந்த இழப்பு தெரியாது. பசியை நேரடியாகத் தூண்டும் குணமும் அந்த மருந்துக்கு இல்லை. ஆக, தான் டயட் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஒருவர் எடை குறைந்தால் அவருடைய சாப்பாடு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க இது அருமையான வாய்ப்பு. ஓராண்டு மருந்துச் சோதனையில் பதிவான எடைகளை வைத்து, டேவிட் பொலிடோரியும் ஹாலும் மற்றவர்களும் 2016-இல் கணக்கிட்டார்கள். எடை சில கிலோ இறங்கி நின்றுவிட்டது. சிறுநீரில் சர்க்கரை போவது நிற்கவில்லை. எனில் சாப்பாடு கூடியிருக்கிறது. எவ்வளவு? குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி.

இதோடு ஒப்பிட, ஒரு கிலோ குறைந்தால் உடம்பு தன் செலவைக் குறைப்பது 20 முதல் 30 கலோரிதான். பசியின் இழுப்பு மெட்டபாலிசத்தின் இழுப்பைவிட மூன்று நான்கு மடங்கு பெரிது. தொட்டிக்குள் மிதக்கும் ஃப்ளோட் வால்வை நாம் இதுவரை கணக்கில் எடுக்கவில்லை. மட்டம் தாழ்ந்தால் பந்து தாழும்; பந்து தாழ்ந்தால் மேல் குழாய் தானாகவே திறக்கும். அதுதான் பசி.

உடம்பில் அந்தப் பந்து எது என்பதும் ஓரளவு தெரியும். கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் விழுகிறது, மூளை அதைப் பஞ்சமாகப் புரிந்துகொள்கிறது. இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் கூடுகிறது. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது இன்னும் கவலை தருவது: எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடியே இருந்தது.

இப்போது ஆறாம் மாதத்துக்கு வருவோம். ஏழு கிலோ குறைத்தவரை, அவருடைய உடம்பு நாளுக்குச் சுமார் 700 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் மாதத்தில் அந்த இழுப்பு நூறோ இருநூறோதான். அவர் செலுத்தும் மனவலிமை குறையவே இல்லை. எதிர்ப்பக்கம் கயிறு இழுப்பது கூடிவிட்டது. அதனால் அவருக்கே தெரியாமல் தட்டில் சோறு ஒரு கரண்டி கூடுகிறது, கைப்பிடி கடலை திரும்பி வருகிறது. "நான் அன்றைக்குப் பட்ட பாடுதான் இன்றைக்கும் படுகிறேன்" என்று அவர் சொல்வது முழு உண்மை. "ஆனால் சாப்பாடு கூடியிருக்கிறது" என்பதும் உண்மை. எடை நின்ற நிலையில் அவர் சும்மா இருக்கவில்லை; குறைந்த ஏழு கிலோவும் திரும்பி ஏறாமல் தினமும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதை மருத்துவர்களும் வீட்டிலுள்ளவர்களும் புரிந்துகொண்டாலே பாதி வேதனை குறையும்.

தேக்கத்தைத் தாண்டுவது எப்படி என்று பார்ப்பதற்கு முன், நின்றிருப்பது கொழுப்பா, எடை மெஷினில் எண் மட்டுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் தங்கும். டயட்டின் முதல் வாரத்தில் இந்தச் சேமிப்பு கரைவதால் தண்ணீர் வெளியேறி எடை மளமளவென்று விழுகிறது. அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. அதே தண்ணீர் பிறகு எதிர்த்திசையிலும் ஏமாற்றும். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடிய நாள், புதிதாகத் தொடங்கிய பயிற்சி, பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் எல்லாம் உடம்பில் நீரைத் தேக்கி, உள்ளே கொழுப்பு கரைவதை மறைத்துவிடும். ஒரு நாள் எடையை நம்பாமல் வாரச் சராசரியைப் பார்ப்பது நல்லது. நான்கு வாரச் சராசரியும் நகரவில்லை, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்த இடுப்பளவும் குறையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று சொல்ல வேண்டும்.

உண்மையான தேக்கம் என்றால் செய்யத் தக்கது என்ன? பழக்கத்தில் பலர் செய்வது இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைப்பது. பசிதான் பெரிய எதிராளி என்று தெரிந்த பிறகு, பசியைக் கூட்டும் அந்த வழியை நான் முதலில் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் மட்டும் எண்ணெயைக் கரண்டியில் அளந்து, சோற்றைக் கிண்ணத்தில் அளந்து, கொறித்ததையும் விடாமல் எழுதிப் பார்ப்பது முதல் வேலை. தன்னிடம் குற்றம் கண்டுபிடிக்க அல்ல. வால்வு எங்கே திறந்திருக்கிறது என்று பார்க்க.

அடுத்தது, அதே கலோரியில் பசியை அதிகம் அடக்கும் சாப்பாட்டுக்கு மாறுவது. ஹால் 2019-இல் செய்த சோதனையில் 20 பேர் மருத்துவமனையில் தங்கினார்கள். இரண்டு வாரம் பாக்கெட்டில் வரும் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்போது சமைத்த எளிய உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பதப்படுத்திய உணவைச் சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஏறியது. டயட் பிஸ்கட், ஓட்ஸ் பார் என்று கடையில் வாங்கித் தின்று தேக்கத்தில் மாட்டியவர்களுக்கு இந்த முடிவு முக்கியமானது. பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், காலையில் இட்லியோடு ஒரு முட்டை, மதியம் சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் மீனும் கூட்டுவது: எல்லாம் வயிறு நிறைந்த செய்தியை மூளைக்கு அனுப்புபவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் தாழ்சர்க்கரை வந்து மயக்கம் போட்டுவிடும்.

புரதத்துக்கு நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இழக்கும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பு அல்லாத திசு; அதில் தசையும் அடக்கம். நமக்கோ தசை ஆரம்பத்திலேயே குறைவு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் இவ்வளவு கொழுப்பு. இப்படிப்பட்ட உடம்பு பட்டினி கிடந்து தசையையும் இழந்தால் சர்க்கரையை உள்வாங்கும் இடமே சுருங்கிவிடும். அதனால்தான் நடையோடு நிறுத்திக்கொள்ளாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதோ, தண்டால், பஸ்கி எடுப்பதோ வேண்டும் என்கிறார்கள். தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு எரியும் என்று ஜிம்களில் சொல்வது மிகை: ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான். தசையைக் காப்பாற்றுவது வேறு பயனுக்காக.

நடைக்கும் எடைக் குறைப்பில் பெரிய பங்கு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நடந்த களைப்பில் மீதி நாள் கூடுதலாக உட்கார்ந்துவிடுகிறோம், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். குறைந்த எடையைத் தக்கவைப்பதில்தான் அதன் பலம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், நிறைய எடை குறைத்து நெடுங்காலம் காத்துவருபவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள்.

இப்போது பேசப்படும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகளும் தேக்கத்துக்கு விதிவிலக்கு இல்லை. அவை பசியின் இழுப்பைத் தளர்த்துகின்றன. அதனால் தேக்கம் ஆறு மாதத்துக்குப் பதில் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போகிறது, எடையும் அதிகம் குறைகிறது. ஊசியை நிறுத்தினால் வால்வு மறுபடி திறந்துகொள்கிறது. செமாக்ளூடைட் சோதனையில் நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசியே தேக்கத்தின் மையம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இவ்வளவும் செய்து எடை நின்ற இடத்திலேயே நின்றால்? சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு எதுவும் இல்லை. எடை மெஷினில் ஒன்றும் தெரியாத அந்த மூன்று ஆண்டுகளில்தான் அத்தனை பேர் நோயிலிருந்து தப்பியிருக்கிறார்கள். எடை நின்ற மாதத்தில் மருத்துவரிடம் போகிறவர், எடையோடு இடுப்பளவு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றையும் பழைய எண்களோடு சேர்த்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.